பேதிக்கு வாங்கிய மாத்திரை

முனிர்காவின் மெடிக்கல் ஷாப்பில் தொடங்கி ஆபரேஷன் தியேட்டரில் முடியும் ஒரு பிரச்சினை

ஜூலை மாத முன்னிரவு. மழை விட்டு அரை மணி நேரமாகியும் டெல்லி முனிர்கா கிராமத்துச் சந்துகளில் தண்ணீர் வடியவில்லை. மழைநீரும் சாக்கடையும் கலந்து கணுக்காலளவு நிற்கிறது. இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும் மாடி வீடுகளுக்கு நடுவே மின்கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வெளிச்சமெல்லாம் மெடிக்கல் ஷாப்பில்தான். ஜே.என்.யூ. மாணவர்கள், மணிப்பூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள், ஒற்றை அறையில் மூன்று பேராகத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பையன்கள் என்று எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள்.

"பையா, பேட் கராப் ஹை" (அண்ணே, வயிறு சரியில்லை) என்கிறார் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர். காலையிலிருந்து எட்டுத் தடவை என்று விரல் விட்டுக் காட்டுகிறார். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே பின்னாலிருக்கும் டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கிறார். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. "சுபஹ்-ஷாம், கானே கே பாத்." (காலை, மாலை, சாப்பிட்ட பிறகு.) சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. மலத்தில் ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா என்றும் கேட்கவில்லை. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இளைஞருக்கு மறுநாள் காலையில் மாதிரித் தேர்வு. சஃப்தர்ஜங் மருத்துவமனையின் ஓ.பி. வரிசையில் நின்றால் அந்த நாள் அதோடு போயிற்று. கடைக்காரருக்கோ வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும். மூன்றாம் நாள் பேதி நின்றும் விடும். மாத்திரை போடாமலிருந்தாலும் அநேகமாக அன்றைக்கே நின்றிருக்கும் என்பது இருவருக்கும் தெரியாது. "அந்த மாத்திரைதான் மச்சி கேட்கும்" என்ற நம்பிக்கை அறைத் தோழர்களுக்கும் போய்ச் சேரும்.

தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் முனிர்காவிலேயே இருக்கிறது. தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் ஜே.என்.யூ.வை ஒட்டி நிற்கிறது. எய்ம்ஸ் சில கிலோமீட்டர்தான். நாட்டின் மருத்துவ அறிவு இத்தனை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும் ஓரிடத்தில் அந்த அட்டை இவ்வளவு சுலபமாகக் கைமாறுவதுதான் மனதை உறுத்துகிறது. மதுரையிலும் தாம்பரத்திலும் நிலைமை வேறில்லை என்பதை இதைப் படிப்பவர்கள் அறிவார்கள்.

குடலுக்குள் நடப்பது

திடீரென வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸாலோ, கெட்டுப்போன உணவிலிருக்கும் நச்சாலோ வருவது. இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. உயிரைப் பறிப்பது கிருமியைவிட, உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தைத் தொட்ட இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்குவது அந்தத் தண்ணீரின் வாரிசு.

சரி, தேவையில்லாமல் போட்டால்தான் என்ன? நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை, அல்லது தொந்தரவு தராதவை. ஆஃப்லாக்சசின் உள்ளே போனதும் அந்த மருந்துக்கு மடங்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போகின்றன. மடங்காதவை காலியான இடத்தைப் பிடித்துப் பெருகுகின்றன. அதோடு நிற்பதுமில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தரும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் ஏற்றிப் பக்கத்திலிருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றி விடுகின்றன.

ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் இதை நேரடியாகவே காட்டினார்கள். வெப்ப நாடுகளுக்குப் போய்வந்த 430 பயணிகளின் மலத்தைச் சோதித்தார்கள். வயிறு கெடாமலும் ஆன்டிபயாடிக் போடாமலும் திரும்பியவர்களில் 11 சதவீதம் பேர், முக்கியமான பல ஊசி மருந்துகளுக்கு மடங்காத ஈ.எஸ்.பி.எல். வகைக் கிருமியைக் குடலில் சுமந்து வந்திருந்தார்கள். பேதி வந்தும் மருந்து போடாதவர்களில் 21 சதவீதம். பேதி வந்து ஆன்டிபயாடிக்கும் போட்டவர்களில் 37 சதவீதம். அவர்கள் விருந்தாளிகளாக வந்து போனவர்கள். நாம் இங்கேயே இருப்பவர்கள்.

இந்தக் கிருமியைச் சுமப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. விபரீதம் வேறொரு நாளில் வெளிப்படும். குடல்வால் வெடிக்கிறது, பித்தப்பை சீழ் பிடிக்கிறது, டைபாய்டில் குடல் ஓட்டையாகிறது, அல்லது பெருங்குடல் புற்றுநோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைத்த தையல் கசிகிறது. அப்போது வயிற்றறைக்குள் கொட்டுவது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. அந்த மனிதரின் குடலில் ஏற்கெனவே இருந்த ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும்தான். அவை எந்த மருந்துக்கு மடங்கும் என்பது, அதுவரை அவரும் அவர் ஊரும் விழுங்கிய மாத்திரைகளைப் பொறுத்தது. வயிற்றுத் தொற்றில் ஆன்டிபயாடிக் பொறுப்பைப் பற்றிப் பேச ஆபரேஷன் தியேட்டரில் தொடங்கினால் தாமதம் என்று நான் சொல்வது இதனால்தான்.

◼ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

நீராகப் போகும் சாதாரண பேதி: ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர், இளநீர். குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரை. ஆன்டிபயாடிக் வேண்டாம்.
மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், காலரா சந்தேகம், டைபாய்டு: மருத்துவர் பார்த்து முடிவு செய்யும் ஆன்டிபயாடிக்.
கல் போல இறுகிய வயிறு, நிற்காத வாந்தி, வலது அடிவயிற்றில் ஏறிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் குறைதல், மயக்கம்: மருந்துக்கடை இதற்கான இடமே இல்லை. உடனே மருத்துவமனை.

பெயருக்கு நடந்த சண்டை

2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் புதுவகைக் கிளெப்சியெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவர், அதற்கு முன் புதுடெல்லியில் சிகிச்சை பெற்றிருந்தார். கடைசி நேரத்துக்கென்று வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் இருந்தது. அதற்கு 'நியூடெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்', சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் இந்த மரபணு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், பிரிட்டன் எங்கும் இருப்பதாக லான்செட் குழும இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது கிடைத்திருந்தது.

டெல்லி கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். நாடாளுமன்றம் வரை போயிற்று. ஊர்ப் பெயரை வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் அடுத்து வந்த செய்தி அமுங்கிப்போனது. அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2011 ஏப்ரலில் வெளியான ஆய்வு அது. மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டர் வட்டத்தில் தெருவில் தேங்கிய தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சேகரித்துச் சோதித்தார்கள். தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. சீதபேதியையும் காலராவையும் உண்டாக்கும் கிருமி இனங்களுக்குள்ளேயே அது நுழைந்திருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் மரபணுக் கைமாற்றம் மிக மும்முரமாக நடந்தது. டெல்லியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சாதாரணமாகத் தொடும் வெப்பம் அது. கன்னாட் பிளேஸிலிருந்து நேர்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் முனிர்காவும் அந்த வட்டத்துக்குள்தான் வரும். மருத்துவமனைக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைத்த ஆபத்து, செருப்பு நனையும் தண்ணீரிலேயே இருந்தது.

காய்ச்சல் என்றால் டைபாய்டா?

அந்தத் தண்ணீர் டைபாய்டையும் நினைவுபடுத்துகிறது. டெல்லியின் கல்காஜி குடிசைப் பகுதியில் 1990-களில் நடந்த ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 27 பேருக்கு டைபாய்டு வருவதாகக் கண்டது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகரங்களில் லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 பேர் வரை. இது கற்பனை பயமில்லை.

ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் விதம்தான் கவலை தருகிறது. காய்ச்சல் வந்த முதல் நாளே 'விடால்' டெஸ்ட். 1896-லிருந்து இருக்கும் இந்தச் சோதனை, டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில் நோய் இல்லாதவரிடமும் 'பாசிட்டிவ்' காட்டும். நம்பகமானது ரத்தக் கல்ச்சர். அதன் ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். கடையில் வாங்கிய மாத்திரையை ஏற்கெனவே போட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகவும் கூடும். என்ன நோய், எந்த மருந்துக்கு மடங்கும் என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்தே அழித்து விடுகிறது அந்த நான்கு மாத்திரை.

டைபாய்டு கிருமியும் சிப்ரோஃப்லாக்சசின், ஆஃப்லாக்சசின் வகைக்கு இந்தியாவில் இப்போது பெரும்பாலும் மடங்குவதில்லை. செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் இன்னும் கைகொடுக்கின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் கிளம்பிய டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோனையும் தாண்டிவிட்டது. எல்லைக் கோடு கிருமிக்குத் தெரியாது.

குடல் காசநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. வாரக்கணக்கில் வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று வருபவருக்கு ஆஃப்லாக்சசின் கொடுத்தால், அந்த மருந்துக்குக் காசநோய்க் கிருமி மீதும் ஓரளவு பிடி உண்டென்பதால், சில நாள் தேறினாற்போல இருக்கும். பிறகு நோய் முற்றித் திரும்பும். கண்டுபிடிப்பதும் தாமதம், பின்னால் தேவைப்படும் மருந்தும் வீணாகியிருக்கும்.

முதலில் சீழை எடு

இனி மருத்துவமனைக்குள் போவோம். இங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து, சந்தேகமே வேண்டாம். குடல் வெடித்து ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அங்கே தயங்குவதும் தவறுதான்.

ஆனால் வயிற்றுத் தொற்றில் அறுவை மருத்துவர்களின் முதல் விதி, ஊற்றுக்கண்ணை அடைப்பது. ஓட்டையைத் தைக்க வேண்டும், சீழை வடிக்க வேண்டும், அழுகிய பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை ஊசி போட்டாலும் பலனில்லை, ஏனென்றால் சீழ்க்கட்டிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் ஊசியை நீட்டிக்கொண்டே போக வேண்டியதுமில்லை.

இதற்கு ஆதாரம் 2015-ல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 518 நோயாளிகள். எல்லாருக்கும் சிக்கலான வயிற்றுத் தொற்று, எல்லாருக்கும் ஊற்றுக்கண் அடைக்கப்பட்டிருந்தது. ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ நான்கே நாள் ஆன்டிபயாடிக். மற்றதற்குக் காய்ச்சலும் வெள்ளணு எண்ணிக்கையும் அடங்கி இரண்டு நாள் கழியும் வரை, சராசரியாக எட்டு நாள். சீழ் திரும்ப வருதல், தையல் புண் பழுத்தல், மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து முதல் பிரிவில் 21.8 சதவீதம், இரண்டாவதில் 22.3. பாதி மருந்து, அதே பலன். 2023-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெடித்த குடல்வாலை அகற்றிய ஆயிரம் பேருக்கு மேல் சோதித்து, அறுவைக்குப் பின் ஐந்து நாள் ஊசிக்குப் பதில் இரண்டு நாளே பெரும்பாலும் போதும் என்றார்கள். இரண்டு நாள் பிரிவில் திரும்ப அட்மிட் ஆனவர்கள் மட்டும் அதிகம். கணைய அழற்சியில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொடங்கும் ஆன்டிபயாடிக்கால் பயனில்லை என்பதும் நிலைபெற்றுவிட்ட பாடம்.

நம் வார்டுகளில் நடப்பதைத் தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-22-ல் எண்ணிப் பார்த்தது. 20 பெரிய மருத்துவமனைகள், 9,652 உள்நோயாளிகள். 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்ததில் பாதிக்கும் மேல், 55 சதவீதம், தொற்று வந்துவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கைக்காக. எந்தக் கிருமி என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தது வெறும் 6 சதவீதம். இதற்கு மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்வது எளிது. நல்ல கல்ச்சர் ஆய்வகம் இல்லாத மாவட்ட மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு வயிறு வீங்கிய நோயாளியைப் பார்க்கும் இளம் மருத்துவர் வேறென்ன செய்வார்? கருவி கொடுக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் கேட்பது நியாயமல்ல.

◼ எண்கள் பேசட்டும்

டெல்லியில் பேதிக்கு வந்தவர்களில் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டவர்கள், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அனிதா கோட்வானி குழு 2012-ல் வெளியிட்டபடி: அரசு மருத்துவ நிலையங்களில் 43 சதவீதம், தனியாரில் 69 சதவீதம்.
கார்பபெனெம் வகையைச் சேர்ந்த இமிபெனெம் மருந்துக்கு மடங்கும் ஈ.கோலை, ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பில்: 2016-ல் 86 சதவீதம், 2021-ல் 64. கிளெப்சியெல்லா 65-லிருந்து 43.
மருந்துக்கு மடங்காத கிருமிகளே நேரடிக் காரணமான மரணங்கள், 2019: உலகில் 12.7 லட்சம், இந்தியாவில் சுமார் 3 லட்சம் என்று மதிப்பீடு.

மருந்து தோற்கும் இடம்

கார்பபெனெமுக்கும் மடங்காத கிருமி வயிற்றுக்குள் கொட்டினால், அடுத்தது கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால் ஒரு காலத்தில் ஓரங்கட்டி வைத்த பழைய மருந்து. தொற்றால் ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்துக்கு அதையே கொடுக்க வேண்டிய நிலை. டயாலிசிஸ், ஐ.சி.யூ.வில் கூடுதல் நாட்கள், அடகுக்குப் போகும் நகை. வீட்டுக்காரர்களுக்கு இறப்புச் சான்றிதழில் 'செப்சிஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் தெரியும்.

கல்லீரல் மாற்று, புற்றுநோய்க் கீமோதெரபி, குடல் அறுவை எல்லாமே ஆன்டிபயாடிக் கேட்கும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அந்த நம்பிக்கை ஆடினால் அறுவை மருத்துவரின் கைத்திறமை மட்டும் போதாது.

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. கார்பபெனெமுக்கு மடங்காத தொற்று கண்ட இந்தியர்களில் 2019-ல் வெறும் 7.8 சதவீதம் பேருக்கே சரியான மருந்து கிடைத்தது என்று 2025-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தேவையில்லாத இடத்தில் அட்டை அட்டையாக, தேவையான இடத்தில் கைவிரிப்பு. சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெடசோபாக்டம் சேர்ந்த மருந்துக்குச் சிக்கலான சிறுநீர்த் தொற்றில் பயன்படுத்த 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். அதையும் இதே வழியில் வீணாக்கினால் எத்தனை நாள் தாங்கும்?

சட்டம் இருக்கிறது, கேள்வி வேண்டும்

ஆஃப்லாக்சசினைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. சென்னையில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்முயற்சியில் 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஒரே நாளில் முழுத்தடை கேட்கவில்லை. மருத்துவரே இல்லாத கிராமங்களை நினைத்து, முக்கிய மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாக இறுக்கலாம் என்றது. 2014 மார்ச் 1 முதல் 'எச்-1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சைம், மெரோபெனெம் உட்பட 24 ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பேதிக்குத் தினமும் கைமாறும் ஆஃப்லாக்சசின் அந்தப் பட்டியலில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டையே 'பரிந்துரைக்கத் தகாதவை' வரிசையில் வைத்திருக்கிறது. இங்கே அது கடையின் முன்தட்டில் இருக்கிறது. இதை மாற்ற புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, கையெழுத்து போதும்.

செய்ய முடியும் என்பதற்குக் கேரளா சாட்சி. 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் அங்கே மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. சீட்டில்லாமல் விற்றால் உரிமம் போகும் என்றார்கள். ஆன்டிபயாடிக் விற்பனை 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக அந்த அரசு சொல்கிறது. தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் இதைச் செய்யத் தடையாக இருப்பது எது?

அதே 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர், ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டிலேயே எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பினார். அடுத்த முறை சீட்டை வாங்கும்போது அந்தக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றில் அறுவை நடந்திருந்தால், சீழைக் கல்ச்சருக்கு அனுப்பியாயிற்றா, ஊசியை எந்த நாளில் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்பதும் நம் உரிமை. கேட்பது வேறு, நாமாகவே பாதியில் நிறுத்துவது வேறு. நிறுத்தும் நாளை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்பதால் என்ன நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் 2,282 மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் 'குழந்தைக்குப் பேதி' என்று ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுக்காததற்குப் பெரிய காரணம் இருப்பு இல்லாததோ லாபமோ அல்ல. 'வந்தவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை விரும்ப மாட்டார்' என்று கொடுப்பவர் தாமாகவே நினைத்துக்கொள்வதுதான். 'ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்' என்று வந்தவர் வாய்விட்டுச் சொன்ன இடங்களில், அது கிடைப்பது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது.